குழாய்த் தண்ணீரும் ஹோஸ் பைப்பும்: மீன்தொட்டியில் நீர் மாற்றுவது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டு வீடுகளில் நன்னீர் மீன் வளர்ப்பவர்களுக்காக எழுதப்பட்ட பக்கம் இது. ஒன்றரை அடித் தொட்டி முதல் நான்கடித் தொட்டி வரை இங்குள்ள முறைகள் பொருந்தும். கடல் மீன் தொட்டிகளின் கணக்கு வேறு என்பதால் அவை இங்கே பேசப்படவில்லை.

தொட்டித் தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கிறது. அதை ஏன் மாற்ற வேண்டும்?

தெளிவுக்கும் தூய்மைக்கும் தொடர்பு குறைவு. மீனின் செவுளிலிருந்தும் கழிவிலிருந்தும், தின்னாமல் விட்ட தீவனத்திலிருந்தும் அமோனியா உண்டாகிறது. ஃபில்டரிலும் மணலிலும் வாழும் நுண்ணுயிரிகள் அதை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அமோனியாவும் நைட்ரைட்டும் சிறிய அளவிலேயே மீனைக் கொல்லக்கூடியவை. நைட்ரேட் அவ்வளவு கொடியது அன்று என்றாலும், செடிகள் குறைவாக உள்ள தொட்டியில் அது வெளியேற வழியின்றி வாரந்தோறும் சேர்ந்துகொண்டே போகும். மூன்றுமே நிறமற்றவை. ஆகவே கண்ணால் பார்த்து முடிவு செய்ய இதில் எதுவும் இல்லை. சொட்டு மருந்து வடிவில் கிடைக்கும் பரிசோதனைப் பெட்டி ஒன்று வாங்கி வைத்துக்கொள்வதே சரியான வழி.

ஆவியாகிக் குறைந்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றிவருகிறேன். அது போதாதா?

போதாது. ஆவியாகும்போது நீர் மட்டுமே வெளியேறுகிறது. அதில் கரைந்திருந்த உப்புகள் தொட்டியிலேயே தங்கிவிடுகின்றன. நீங்கள் ஊற்றும் புதுத் தண்ணீரும் தன் பங்குக்குக் கொஞ்சம் உப்பைக் கொண்டுவருகிறது. மின்விசிறியும் வெயிலும் சேர்ந்து விரைவில் நீரை வற்றச் செய்யும் நம் ஊர் வீடுகளில், இவ்வாறு ஊற்றியே பல மாதங்கள் ஓட்டிய தொட்டியின் டிடிஎஸ் அளவு (நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு) குழாய் நீரைக் காட்டிலும் இரண்டு மூன்று மடங்கு உயர்ந்திருப்பதைக் காணலாம். கண்ணாடியின் மேல் விளிம்பில் படியும் வெள்ளைக் கோடு அதன் அடையாளம். நோய்க்காகக் கல் உப்புப் போட்டவர்களும் இதை நினைவில் வைக்க வேண்டும்: உப்பு ஆவியாவதில்லை. மாற்றிய நீரின் அளவுக்கு மட்டுமே உப்பை மீண்டும் சேர்க்கலாம். ஆவியானதை ஈடுசெய்ய ஊற்றும் நீருக்குச் சேர்க்கக்கூடாது.

எவ்வளவு நீரை, எத்தனை நாட்களுக்கு ஒரு முறை மாற்றுவது?

முதலில் தொட்டியின் கொள்ளளவைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு கன அடி என்பது சுமார் 28 லிட்டர். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டி விளிம்பு வரை 56 லிட்டர் கொள்ளும். மணல், கல், மேலே விடும் இடைவெளி ஆகியவற்றைக் கழித்தால் கையில் இருப்பது 45 லிட்டர் அளவுதான். மீனுக்கு மருந்து போடும்போதும் இந்த உண்மையான அளவையே கணக்கில் கொள்ள வேண்டும்.

இனி விகிதம். ஒரு தொட்டியில் வாரத்துக்கு லிட்டருக்கு 10 மில்லிகிராம் நைட்ரேட் சேருகிறது என்று வைத்துக்கொள்வோம். வாரம் 25 சதவீதம் நீரை மாற்றினால், தொடக்கத்தில் எப்படி இருந்தாலும், சில மாதங்களில் அந்தத் தொட்டி மாற்றுவதற்கு முன் 40 மில்லிகிராம், மாற்றிய பின் 30 மில்லிகிராம் என்ற நிலையில் வந்து நிற்கும். 50 சதவீதம் மாற்றினால் அது 20-க்கும் 10-க்கும் இடையே நிற்கும். வெறும் 10 சதவீதம் மாற்றுபவரின் தொட்டியோ 100-க்கும் 90-க்கும் இடையே போய் நிற்கும். வாரம் தவறாமல் ஒரு குவளை, இரண்டு குவளை மாற்றுபவர்கள் தங்கள் மீன்கள் ஏன் மங்கிக்கிடக்கின்றன என்று வியப்பதற்கு விடை இந்தக் கணக்கில் இருக்கிறது.

எனவே அளவாக மீன் விட்ட பொதுத் தொட்டிக்கு வாரம் 25 முதல் 30 சதவீதம் என்பதைத் தொடக்கமாகக் கொள்ளலாம். தங்கமீன், ஃபிளவர்ஹார்ன், அரவானா போன்று நிறையத் தின்று நிறையக் கழிக்கும் மீன்களுக்கு 40 முதல் 50 சதவீதம் தேவைப்படும். டிஸ்கஸ் குஞ்சுகளை வளர்ப்பவர்கள் நாள்தோறும் மாற்றுகிறார்கள். அது தொழில்முறை, வீட்டுக்குத் தேவையில்லை. அடர்த்தியாகச் செடி வளர்ந்து மீன் குறைவாக உள்ள தொட்டிக்கு இரு வாரங்களுக்கு ஒரு முறை மாற்றினாலும் போதும். இறுதியில் உங்கள் தொட்டிக்கு உரிய அளவைச் சொல்வது நைட்ரேட் பரிசோதனைதான்.

மாதம் ஒரு முறை மீன்களை வெளியே எடுத்து, தொட்டியைக் காலி செய்து, மணலையும் ஃபில்டரையும் கழுவி வைக்கிறோம். அது நல்லதுதானே?

நம் ஊரில் மீன்கள் சாவதற்கு நோயைவிட இந்தப் பழக்கமே பெரிய காரணம் என்பது என் கருத்து. அமோனியாவைத் தின்னும் நுண்ணுயிரிகள் நீரில் மிதப்பதைவிட மணல், கல், ஸ்பாஞ்ச் ஆகியவற்றின் மேல் படலமாக ஒட்டி வாழ்பவை. அவற்றைக் குளோரின் கலந்த குழாய் நீரில் அலசினால் அந்தப் படலம் அழிகிறது. தொட்டி பளபளப்பாகத் தெரியும். ஆனால் அன்றிரவு முதல் அமோனியா ஏறத் தொடங்கும். மூன்றாம் நான்காம் நாள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடும்போது, ‘கழுவித்தானே வைத்தோம்’ என்று வீட்டார் குழம்புவார்கள்.

ஸ்பாஞ்ச் அடைத்துக்கொண்டால், தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரை ஒரு வாளியில் பிடித்து, அதில் இரண்டு மூன்று முறை பிழிந்து மீண்டும் பொருத்துங்கள். பழுப்பு நிறம் முழுவதும் போக வேண்டியதில்லை. சோப்பு, பாத்திரம் தேய்க்கும் பவுடர் ஆகியவை தொட்டியின் அருகிலேயே வரக்கூடாது. மீனுக்கென்று வைத்த வாளியை வீட்டு வேலைக்கு எடுப்பதையும் தவிர்க்க வேண்டும்.

எங்கள் வீட்டுக் குழாயில் வருவது எப்படிப்பட்ட தண்ணீர் என்பதை எவ்வாறு அறிவது?

இதைத் தெரிந்துகொள்ளாமல் மற்ற எதையும் முடிவு செய்ய இயலாது. ஒரே தெருவில் ஒரு வீட்டில் மாநகராட்சித் தண்ணீரும், அடுத்த வீட்டில் போர் தண்ணீரும், மூன்றாவது வீட்டில் லாரித் தண்ணீரும் இருக்கும். பல அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மூன்றும் ஒரே சம்ப்பில் கலக்கின்றன. சென்னையில் குழாய் நீரே ஏரி நீர், வீராணத்திலிருந்து வரும் நீர், மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைச் சுத்திகரித்துப் பெறும் நீர் என்று பல மூலங்களிலிருந்து வருவதால், பருவத்துக்குப் பருவம் அதன் தன்மை மாறலாம். கோயம்புத்தூரில் சிறுவாணி நீர் பெறும் வீட்டுக்கும், ஆயிரம் அடிக்கு மேல் தோண்டிய போர் நீரை நம்பியிருக்கும் வீட்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு இன்னும் பெரிது.

‘குடிக்க ஏற்றது என்றால் மீனுக்கும் ஏற்றதுதானே’ என்று கேட்பதுண்டு. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் டிடிஎஸ் அளவை லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கிறது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதிக்கிறது. நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஹெச் அளவு 6.5 முதல் 8.5 வரை இருக்கலாம். இவ்வளவு அகன்ற வரம்புக்குள் நியான் டெட்ரா என்ற சிறு மீனுக்கு ஒத்த நீரும் அடங்கும், அதைத் திணறவைக்கும் நீரும் அடங்கும். அதே தர நிர்ணயம் குடிநீரில் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் இருக்க வேண்டும் என்கிறது. நமக்கு அது பாதுகாப்பு. செவுளால் சுவாசிக்கும் உயிருக்கு அதில் கால் பங்கும் கேடு.

ஒரு டிடிஎஸ் மீட்டர், பிஹெச் மற்றும் நைட்ரேட் சொட்டுப் பரிசோதனை, குளோரின் இருந்தால் மஞ்சளாகும் ஆர்த்தோடாலிடின் சொட்டு ஆகியவை இருந்தால் போதும். குடிநீர்ப் பணியாளர்கள் தெருக்குழாயில் குளோரின் பார்க்கப் பயன்படுத்துவதும் இந்தச் சொட்டைத்தான். குழாய் நீரைப் பிடித்த உடனே ஒரு முறையும், அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் வைத்திருந்து மறுமுறையும் சோதியுங்கள். இரண்டு அளவுகளுக்கும் இடையே பிஹெச் பெரிதாக மாறினால் அந்த நீரில் வாயுக்கள் கரைந்திருக்கின்றன என்று பொருள். குழாய் நீரிலேயே நைட்ரேட் 40 மில்லிகிராம் இருக்கிறது என்றால், எத்தனை முறை மாற்றினாலும் தொட்டியின் அளவை அதற்குக் கீழே கொண்டுவர முடியாது என்பதையும் இந்தச் சோதனையே காட்டிக்கொடுக்கும். விவசாய நிலங்களை ஒட்டிய கிணறுகளில் இது அரிதன்று.

தண்ணீரை ஒரு நாள் பிடித்து வைத்தால் குளோரின் போய்விடும் என்கிறார்களே?

சாதாரணக் குளோரின் போய்விடும். அகன்ற வாயுள்ள டப்பில், ஏர் பம்பு ஓடவிட்டு 24 மணி நேரம் வைத்தால் பெரும்பாலும் நீங்கிவிடும். மூடியிட்ட குறுகிய கேனில் வைத்தால் இரண்டு நாட்கள் கழித்தும் கொஞ்சம் எஞ்சியிருக்கலாம். தமிழ்நாட்டின் உள்ளாட்சிக் குடிநீர் பெரும்பாலும் குளோரின் வாயு அல்லது பிளீச்சிங் பவுடர் கொண்டு தூய்மையாக்கப்படுவதால் இம்முறை பொதுவாகச் செல்லுபடியாகும்.

அவசரத்துக்குச் சோடியம் தயோசல்ஃபேட் இருக்கிறது. மீன் கடைகளில் ‘ஆன்டி குளோரின்’ என்ற பெயரில் விற்கும் மலிவான சொட்டு மருந்துகள் பெரும்பாலும் இதன் கரைசலே. படிகமாக வாங்கினால் 100 கிராமை ஒரு லிட்டர் நீரில் கரைத்து வைத்துக்கொண்டு, 10 லிட்டர் குழாய் நீருக்கு 1 மில்லி வீதம் விடலாம். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் வரையிலான குளோரினை அது சில நொடிகளில் செயலிழக்கச் செய்யும். கரைசலை நிறமுள்ள பாட்டிலில், வெளிச்சம் படாத இடத்தில் வைத்து, சில மாதங்களுக்கு ஒரு முறை புதிதாகத் தயாரிக்க வேண்டும்.

சிங்கப்பூரில் வாழும் நம்மவர்களுக்கு ஒரு குறிப்பு: அங்கே குழாய் நீரில் கலக்கப்படுவது குளோரமின். அது குளோரினும் அமோனியாவும் சேர்ந்தது. பிடித்து வைத்தால் எளிதில் வெளியேறாது. தயோசல்ஃபேட் மட்டும் விட்டால் குளோரின் பகுதி நீங்கி அமோனியா பகுதி நீரிலேயே விடுபடும். அமோனியாவையும் கட்டுப்படுத்தும் என்று தெளிவாகக் குறிப்பிட்ட கண்டிஷனரையே (குழாய் நீரை மீனுக்கு ஏற்றதாக்கும் மருந்து) அங்கே வாங்க வேண்டும்.

நம் ஊரிலும் இரண்டு தருணங்களில் கூடுதல் கவனம் வேண்டும். வெள்ளத்துக்குப் பிந்தைய வாரங்களில் குடிநீரில் குளோரின் அளவைக் கூட்டுவது வழக்கம். குடியிருப்புச் சங்கத்தினர் சம்ப்பைக் கழுவும்போது பிளீச்சிங் பவுடரைக் கணக்கின்றிக் கொட்டுவதும் உண்டு. குழாயைத் திறந்ததும் மூக்கில் ஏறும் வாடை வந்தால் அன்று நீர் மாற்றுவதைத் தள்ளிவைப்பதே நல்லது.

ஹோஸ் பைப்பைக் குழாயில் மாட்டி நேரடியாகத் தொட்டியை நிரப்பலாமா?

நிரப்பலாம், நான்கடித் தொட்டி வைத்திருப்பவர் எட்டு பத்து வாளி சுமப்பதை எதிர்பார்ப்பது நியாயமன்று. ஆனால் மூன்று விதிகள் உண்டு.

வாளியில் பிடித்து ஊற்றும்போது வாளி நீரின் அளவுக்கு மட்டும் கண்டிஷனர் விட்டால் போதும். ஹோஸ் வழியாக நேராக விடும்போதோ, புது நீர் தொட்டிக்குள் விழுந்த பிறகுதான் மருந்தைச் சந்திக்கிறது. அதற்குள் குளோரின் மீனின் செவுளையும் ஃபில்டரையும் தொட்டுவிடும். ஆகவே தொட்டியின் முழுக் கொள்ளளவுக்கு உரிய மருந்தை நிரப்பத் தொடங்கும் முன்பே விட்டு, ஒரு நிமிடம் கலக்கவிட வேண்டும். புட்டியில் எழுதியுள்ள அளவு தொட்டி நீருக்கா புது நீருக்கா என்பதையும் படித்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவதாக, வேகம். குழாயை முழுதும் திறந்துவிட்டால் மணல் பறக்கும், செடி வேரோடு மிதக்கும், மீன் மூலையில் ஒடுங்கும். ஹோஸின் முனையைத் தொட்டிக்குள் ஒரு தட்டின் மேலோ துளையிட்ட பிளாஸ்டிக் டப்பாவின் மேலோ விழுமாறு வைத்து, பென்சில் தடிமனில் நீர் வரும் அளவுக்கு மட்டும் திறந்தால் போதும்.

மூன்றாவது, நிரப்பும்போது அந்த அறையை விட்டு நகரக்கூடாது. ‘ஒரு போன் பேசிவிட்டு வருகிறேன்’ என்று போனவர்களின் வீட்டுத் தரையில் தண்ணீர் நின்ற கதைகள் இந்தப் பொழுதுபோக்கில் ஏராளம்.

ஹோஸின் முனையைத் தொட்டி நீருக்குள் மூழ்கவிட்டால் என்ன ஆகும்?

குழாய் திறந்திருக்கும்போது மேல்நிலைத் தொட்டி காலியானாலோ, வால்வை யாராவது அடைத்துவிட்டுக் கீழ்த்தளத்தில் வேறொரு குழாயைத் திறந்தாலோ, நீரோட்டம் திசை மாறி மீன்தொட்டி நீர் வீட்டுக் குழாய்க்குள் உறிஞ்சப்படலாம். அந்தக் குழாயில்தான் சமையலறைக்கும் நீர் போகிறது. முனையை நீர்மட்டத்துக்கு இரண்டு விரற்கடை மேலே, கண்ணாடி விளிம்பில் கிளிப் போட்டு நிறுத்தினால் இந்த ஆபத்து இல்லை.

எந்தக் குழாயை வாங்குவது?

தோட்டத்துக்குப் பயன்படும் பச்சை, நீல நிற ஹோஸ்கள் பலவற்றில் கலக்கப்படும் சேர்மங்கள் குடிநீருக்கோ மீனுக்கோ உகந்தவை அல்ல. வெயிலில் கிடந்து சூடேறிய ஹோஸில் தேங்கிய முதல் நீரில் பிளாஸ்டிக் வாடை வீசுவதை எவரும் உணரலாம். உணவுத் தரம் என்று அச்சிட்ட குழாய் கிடைத்தால் அதுவே சிறந்தது. கிடைக்காதபோது, கொத்தனார்கள் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும் ஒளிபுகும் லெவல் டியூப்பை ஹார்டுவேர் கடையில் மீட்டர் கணக்கில் வெட்டி வாங்கலாம். உள்ளே நீர் எதுவரை வந்திருக்கிறது, என்ன அழுக்கு போகிறது, குஞ்சு மீன் ஏதும் சிக்கியதா என்பதெல்லாம் வெளியிலிருந்தே தெரியும் என்பது அதன் பெரிய வசதி. சிறு தொட்டிக்கு 8 முதல் 10 மில்லிமீட்டர் உள்விட்டம் போதும்; நான்கடித் தொட்டிக்கு 15 மில்லிமீட்டர்.

நீர் எடுக்க ஒன்று, நிரப்ப ஒன்று என இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். பயன்படுத்திய பின் முழுதும் வடித்து நிழலில் தொங்கவிட வேண்டும். நீர் தேங்கிய குழாயின் உட்புறம் சில வாரங்களில் வழுவழுப்பாகிவிடும். எந்த ஹோஸாக இருந்தாலும், நிரப்பும் முன் முதல் ஒரு நிமிட நீரை வெளியே விட்டுவிடுங்கள்.

வாய் வைத்து உறிஞ்சாமல் சைஃபனை (டியூப் வழியே நீர் தானாகக் கீழே இறங்கி ஓடும் முறை) தொடங்குவது எப்படி?

டியூப் முழுவதையும் தொட்டி நீருக்குள் சுருட்டி அமிழ்த்துங்கள். உள்ளிருக்கும் காற்று குமிழ்களாக வெளியேறி முடியும் வரை மெல்ல அசைத்துக்கொண்டே இருங்கள். ஒரு முனையைக் கட்டைவிரலால் இறுக அடைத்தபடி வெளியே எடுத்து, தொட்டியின் அடிமட்டத்துக்குக் கீழே வாளிக்குள் கொண்டுபோய் விரலை எடுத்தால் நீர் தானாக ஓடத் தொடங்கும். மறுமுனை மேலே வராமல் பார்த்துக்கொள்வது மட்டுமே உங்கள் வேலை. நீளமான டியூப் என்றால் இதற்குப் பதிலாகக் குழாயடியில் நீர் நிரப்பி, இரு முனைகளையும் அடைத்து எடுத்து வரலாம்.

வாயால் உறிஞ்சுவதைத் தவிர்க்கச் சொல்வது அருவருப்புக்காக மட்டும் அன்று, அந்த நீரில் கிருமிகள் இருக்கலாம் என்பதற்காகவும்தான். கைக்கும் இது பொருந்தும். மீன்தொட்டி நீரில் வாழும் மைக்கோபாக்டீரியம் மாரினம் என்ற நுண்ணுயிரி, கையில் உள்ள சிறு வெட்டுக்காயம் வழியாகப் புகுந்து எளிதில் ஆறாத தோல் புண்ணை உண்டாக்கக்கூடியது. காயம் இருக்கும் நாளில் கையுறை அணியுங்கள். வேலை முடிந்ததும் சோப்பால் கை கழுவுங்கள்.

டியூப்பின் உள்முனையில் அடி வெட்டிய சிறு தண்ணீர் பாட்டிலைப் பொருத்தினால் மணலைச் சுத்தம் செய்யும் கருவி தயார். அகன்ற வாயில் நீரோட்டம் மெதுவாக இருப்பதால், கூழாங்கற்கள் எழும்பிச் சுழன்று மீண்டும் விழ, எடை குறைந்த கழிவு மட்டும் மேலேறிப் போகும். ஒவ்வொரு வாரமும் தரையின் மூன்றில் ஒரு பங்கை மட்டும் இவ்வாறு சுத்தம் செய்யுங்கள். நுண்மணலாக இருந்தால் உள்ளே குத்த வேண்டாம். ஓர் அங்குலம் மேலே பிடித்து மேற்பரப்பில் படிந்ததை மட்டும் எடுக்கலாம்.

குழாயில் பொருத்தினால் தானே நீரை உறிஞ்சி வெளியேற்றும் வெளிநாட்டுக் கருவி ஒன்று விற்கிறதே, வாங்கலாமா?

நம் வீடுகளுக்கு அது பெரும்பாலும் ஒத்துவராது. குழாய் நீர் வேகமாக ஓடும்போது உண்டாகும் உறிஞ்சு விசையால் இயங்கும் கருவி அது. சுமார் 30 மீட்டர் உயர நீரின் அழுத்தம் இருந்தால் நன்றாக வேலை செய்யும். மொட்டைமாடியில் உள்ள தொட்டியிலிருந்து முதல் மாடிக் குழாய்க்கு வரும் நீருக்கு மூன்று முதல் ஆறு மீட்டர் உயரத்தின் அழுத்தமே உண்டு. கருவி முனகும், நீர் வராது. பிரஷர் பம்பு பொருத்திய வீடுகளில் இயங்கும் என்றாலும், அழுக்கு நீரை இழுப்பதற்காக நல்ல நீரைச் சாக்கடையில் ஓடவிட வேண்டும். லாரிக்குப் பணம் கட்டும் ஊரில் இதை எப்படிப் பரிந்துரைப்பது?

தொட்டி தாழ்வாக இருந்து சைஃபன் ஓடவில்லை என்றால், ஏர்கூலரில் வரும் சிறிய மூழ்கு பம்பு ஒன்றை வாங்கி லெவல் டியூப்பைச் செருகினால் போதும். முன்கூட்டியே டிரம்மில் பிடித்து வைத்த நீரைத் தொட்டிக்கு ஏற்றவும் அதே பம்பு உதவும்; இரண்டு வேலைக்கும் இடையே அதை அலசிக்கொள்ளுங்கள்.

மே மாதத்தில் குழாய் நீர் கொதிக்கிறதே, என்ன செய்வது?

மொட்டைமாடியில் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி உள்ள வீடுகளில் பிற்பகல் நீர் கை பொறுக்காத சூட்டில் வரும். தொட்டியில் எஞ்சிய 40 லிட்டர் நீர் 28 டிகிரி செல்சியஸில் இருக்க, 38 டிகிரியில் 15 லிட்டர் சேர்த்தால் மொத்த வெப்பம் ஏறத்தாழ 31 டிகிரியாகும். இரண்டு டிகிரிக்கு மேற்பட்ட திடீர் மாற்றம் மீனை வருத்தும். சூடான நீரில் கரையும் ஆக்சிஜனும் குறைவு. விடியற்காலையில், வெயில் ஏறும் முன் நீர் மாற்றுவதே எளிய தீர்வு. அது முடியாதவர்கள் முந்தைய இரவே பிடித்து வீட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம்.

ஊட்டி, கொடைக்கானல் வீடுகளிலும், மற்ற ஊர்களில் மார்கழி விடியலிலும் சிக்கல் நேர்மாறானது. குளிர்ந்த நீர் பட்ட சில நாட்களில் மீனின் மேல் வெண்புள்ளிகள் தோன்றுவதைப் பலர் கண்டிருப்பார்கள்.

போர் தண்ணீர் விட்டதும் மீன்களின் துடுப்பிலும் கண்ணாடியிலும் சிறு குமிழிகள் ஒட்டிக்கொள்கின்றன. ஆபத்தா?

நிலத்தடியில் அழுத்தத்தில் இருந்த நீர் மேலே வரும்போது அதில் மிகையாகக் கரைந்திருந்த வாயுக்கள் வெளியேறுவதே அந்தக் குமிழிகள். அளவு மிகுந்தால் மீனின் செவுளிலும் இரத்தக் குழாயிலும் அதே குமிழிகள் உண்டாகித் தீங்கு செய்யும். மேலும், நேரடிப் போர் நீரில் கார்பன் டை ஆக்சைடு மிகுந்தும் ஆக்சிஜன் குறைந்தும் இருக்கும். குளோரின் இல்லை என்பதற்காக அதை அப்படியே ஊற்றக்கூடாது. ஓரிரவு ஏர் பம்பு ஓடிய டிரம்மில் வைத்திருந்தால் வாயுக்கள் சமநிலைக்கு வரும். இரும்புச் சத்து இருந்தால் அதுவும் செந்நிறத் துகளாக அடியில் படியும்.

உப்புத் தண்ணீருக்குப் பதிலாக ஆர்ஓ தண்ணீர் மட்டும் ஊற்றலாமா?

வேண்டாம். அதில் தாது உப்புகள் ஏறக்குறைய இல்லை; பிஹெச்சைத் தாங்கிப் பிடிக்கும் கார்பனேட்டும் இல்லை. குழாய் நீருடன் பாதிக்குப் பாதி கலந்து, டிடிஎஸ் மீட்டர் கொண்டு ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் வைத்துக்கொள்ளலாம். கப்பி, மாலி, ஆப்பிரிக்கச் சிக்லிட் போன்றவை கடின நீரிலேயே நன்றாக வாழ்பவை என்பதால், உங்கள் வீட்டு நீர் உப்பாக இருந்தால் நீரை மாற்றுவதைவிட மீன் வகையை மாற்றுவது மலிவு.

ஆறு மாதமாக மாற்றாத தொட்டியில் நேற்று பாதி நீரை மாற்றினேன். இன்று மீன்கள் இறந்துவிட்டன. நீர் மாற்றியது தவறா?

மாற்றியது தவறன்று, அத்தனை மாதம் மாற்றாமல் இருந்துவிட்டு ஒரே நாளில் மாற்றியதே காரணம். நைட்ரேட் உருவாகும் ஒவ்வொரு முறையும் நீரின் கார்பனேட் கொஞ்சம் செலவாகிறது. அது தீர்ந்ததும் பிஹெச் சரிந்து 6-க்கு அருகே வரும். அந்த நிலையில் நுண்ணுயிரிகளின் வேலை மந்தமாகி அமோனியா சேரத் தொடங்கும். சிறுவாணி போன்ற மென்மையான நீரில் இது விரைவிலேயே நேரும். இப்படி அமிலமாகிப்போன நீரில் அமோனியா பெரும்பாலும் நச்சுக் குறைந்த அமோனியம் வடிவில் இருப்பதால் மீன்கள் தாக்குப்பிடிக்கின்றன. பிஹெச் 8 உள்ள குழாய் நீரைப் பாதியளவு ஊற்றியதும் நிலைமை தலைகீழாகிறது: 28 டிகிரியில், பிஹெச் 7-இல் மொத்த அமோனியாவில் 0.7 சதவீதமாக இருக்கும் நச்சு வடிவம், பிஹெச் 8-இல் 6.5 சதவீதமாகிறது. ஒன்பது மடங்கு. நீங்கள் புதிதாக அமோனியா எதையும் சேர்க்கவில்லை. ஏற்கெனவே இருந்தது விழித்துக்கொண்டது.

இத்தகைய தொட்டியை மீட்க, நாள்தோறும் 10 சதவீதம் வீதம் இரண்டு வாரங்கள் மாற்றி, தீவனத்தைப் பாதியாகக் குறைத்து, தொட்டி நீரின் பிஹெச்சும் டிடிஎஸ்ஸும் குழாய் நீரை நெருங்கிய பின்னரே வழக்கமான அளவுக்கு வர வேண்டும்.

நீர் மாற்றும்போது மின்கருவிகளை அணைக்க வேண்டுமா?

சுவிட்சை அணைப்பதோடு நில்லாமல் பிளக்கையும் பிடுங்க வேண்டும். நீர்மட்டம் இறங்கி வெளியே தெரியும் ஹீட்டர் காய்ந்து அளவுக்கு மீறிச் சூடேறும். பிறகு நீர் பட்டால் கண்ணாடி உடைந்து மின்சாரம் நீரில் பாயும். பம்பு நீரின்றி ஓடினால் எரிந்துபோகும். வயர்கள் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி மேலேறுமாறு அமைத்தால், வழியும் நீர் பிளக்கை எட்டாமல் வளைவிலேயே சொட்டிவிடும்.

இறால் தொட்டிக்கும் இதே முறைதானா?

அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள்: வாரம் 10 முதல் 15 சதவீதம், அதுவும் சொட்டுச் சொட்டாக. லெவல் டியூப்பில் ஒரு முடிச்சுப் போட்டால் வேகம் கட்டுப்படும். டெங்குப் பருவத்தில் கொசுப்புழுவை ஒழிக்கச் சுகாதாரப் பணியாளர்கள் நீர்த்தொட்டிகளில் இடும் டெமிஃபாஸ் மருந்து மீனைப் பெரிதாகப் பாதிக்காவிட்டாலும் இறால் இனத்துக்கு நஞ்சு. உங்கள் சம்ப்பில் மருந்து இட்டார்களா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே இறால் தொட்டிக்கு நீர் எடுங்கள். செம்பு கலந்த மீன் மருந்துகளும் அவ்வாறே.

வெளியேற்றிய நீரைச் செடிகளுக்கு ஊற்றலாமா?

தாராளமாக. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் செடிக்கு உரம். மாடித்தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இந்த நீரைச் சாக்கடைக்கு விட மனம் வராது. இலையில் தெளிக்காமல் வேரடியில் ஊற்றுங்கள். கல் உப்போ மருந்தோ போட்ட வாரத்தில் மட்டும் செடிக்குக் கொடுக்க வேண்டாம்.

பத்து நாள் ஊருக்குப் போகிறோம். கிளம்பும் நாளில் நீர் மாற்றிவிட்டுப் போகலாமா?

கிளம்பும் நாளில் வேண்டாம். மூன்று நாட்களுக்கு முன் மாற்றுங்கள். ஏதேனும் தவறு நேர்ந்திருந்தால் நீங்கள் வீட்டில் இருக்கும்போதே தெரிந்துவிடும். வளர்ந்த மீன்கள் பத்து நாள் தீவனமின்றித் தாங்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளை அன்போடு அள்ளிப் போடும் தீவனத்தைத்தான் தாங்காது. யாரிடமாவது பொறுப்பை ஒப்படைத்தே ஆக வேண்டும் என்றால், ஒவ்வொரு வேளைக்குமான தீவனத்தைத் தனித்தனிப் பொட்டலமாக மடித்துக் கொடுத்துவிட்டு, டப்பாவை எடுத்து மறைத்து வையுங்கள். ஆவியாகும் அளவை ஈடுகட்டக் கிளம்பும் முன் தொட்டியை விளிம்பு வரை நிரப்பிக்கொள்ளலாம். திரும்பி வந்த அன்று வழக்கமான 25 சதவீதத்தை மாற்றினால் போதும்.